மாதா படத்தின் கடைசிப் பூச்சு

மாதாவின் முகத்தில் வெண்புகை படிந்திருந்தது.

ஜசிந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சந்தேகமேயில்லை. நேற்றுப் பின்னேரம் வார்னிஸ் பூசி முடித்தபோது நனைந்த கண்ணாடியாய் மினுங்கிய நீல முக்காடு, விடிந்து பார்த்தால் சாம்பல் தட்டிக் கிடந்தது. நெற்றியில் ஒரு வெள்ளை வளையம். கன்னத்தில் குறுக்காக ஒரு கோடு. காலடியில் ஆசை ஆசையாகத் தீட்டிய அலைகளில் யாரோ மாவைத் தூவிவிட்டுப் போனது போலிருந்தது.

விரலால் தேய்த்தாள். அசையவில்லை. மேலே வழுவழுப்பாகத்தான் இருந்தது. வெண்மை பூச்சுக்கு உள்ளே இருந்தது!

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ!"

அவள் கணவன் மனுவேல் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக, சமைத்துக்கொண்டிருந்த குசினியிலிருந்து வந்தான். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே சனம் ஏற்றும் லோஞ்சுப் படகு ஓட்டுகிறவன். குருநகரில் பிறந்து இந்தத் தீவில் பெண் எடுத்தவன்.

"காலங்காத்தாலை என்னப்பா சத்தம்? நானே உங்கடை ஊர் உப்புத் தேத்தண்ணியோடை மல்லுக்கட்டிறன்."

"உங்கடை நாக்கிலைதான் உப்பு. எங்கடை கிணத்துத் தண்ணி தேன். அதை விடுங்கோ, படத்தைப் பாருங்கோ!"

மனுவேல் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான். பகிடி விடும் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கெல்லே பெருநாள்?" என்றான் மெதுவாக.

நாளைக்குத்தான். தீவின் மேற்குக் கரையில் கடல்மாதாவுக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. ஆவணிப் பெருநாளன்று, பலகையில் வரைந்த மாதா படத்தை முதலாவதாகப் போகும் முன்வள்ளத்தின் மூக்கில், அணியத்தில், கட்டிக் கடலில் சுற்றி வருவார்கள். கரைக்கு வந்ததும் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் ஒவ்வொருவராகப் பனையோலைப் பட்டையில் கடல்நீர் அள்ளிப் படத்தின் மேல் எறிவார்கள். அந்த வருடத்துக் கடலை மாதாவின் பொறுப்பில் விடுகிற வழக்கம் அது.

வருடா வருடம் அந்தப் படத்தை வரைகிறவர் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் பஸ்ரியாம்பிள்ளை. எண்ணெய்ப் பெயின்ற். கடல்நீரில் ஒரு சொட்டுக் கரையாது. இந்த வருடம்தான் பள்ளிக்கூடச் சித்திர ரீச்சர் ஜசிந்தா குறுக்கே வந்தாள். அவளுடைய தம்பி கப்பலில் வேலை. போன முறை வந்தபோது ஏதோ துறைமுகத்தில் வாங்கிய அக்கிறிலிக் வர்ணக் குழாய்களும், அதற்கென்றே செய்த மினுக்கத் திரவம் ஒரு போத்தலும், வார்னிஸ் ஒரு போத்தலும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அந்த நீலத்தைப் பிதுக்கிப் பார்த்த அன்றே அவள் மனம் ஒரே இடத்துக்கு ஓடியது. கோயில் பீடத்துக்குப் பின்னாலிருந்த வெறுஞ்சுவர்! சிறுமியாக முதல் நன்மை எடுத்த நாளிலிருந்து பூசை நேரமெல்லாம் அந்தச் சுவரில் மனத்தால் படம் கீறிக்கொண்டிருந்தவள் அவள்.

அந்தச் சுவரில் படம் வரைய விடும்படி கோயில் கூட்டத்தில் கேட்டும்விட்டாள். "தண்ணியிலை குழைக்கிற பெயின்ற் தண்ணியோடைதான் போகும்" என்று பஸ்ரியாம்பிள்ளை சொல்ல, கூட்டமே தலையாட்டியது. கடைசியில் கோயில் மூப்பர் இன்னாசித்தம்பி கையை உயர்த்தினார்.

"பிள்ளை, இந்த முறை பெருநாள் படத்தை நீர் கீறும். பட்டைத் தண்ணிக்கு அது நிண்டா, பீடச் சுவர் உமக்கு. வழிஞ்சா, சுவர் பஸ்ரியாம்பிள்ளைக்கு. பேந்து ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

அப்படிப்பட்ட படத்தின் முகத்தில்தான் இப்போது வெண்புகை.

ஜசிந்தா செய்ததையெல்லாம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். வர்ணம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மினுக்கத் திரவம் பூசினாள். நிறங்களுக்கு மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் காவல் அது. அதையும் காயவிட்டாள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று யன்னல் இடுக்கால் தூசி கொண்டுவந்து கொட்டியிருந்தது. வெள்ளைத் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பக்குவமாகத் துடைத்தாள். அதற்கு மேல் வார்னிஸ். குலுக்கவில்லை, குலுக்கினால் குமிழி வரும். அகலத் தூரிகையால் ஒரே திசையில் இழுத்தாள். பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. போத்தலில் ஒட்டியிருந்த தாளில் சொன்னபடி ஒன்று விடாமல் செய்தாள்.

பிறகு எப்படி?

பளிச்சென்று ஒரு முகம் நினைவுக்கு வந்தது. நேற்றுப் பின்னேரம் யன்னலால் எட்டிப் பார்த்து, "நல்லா மினுங்குது ரீச்சர், நாளையிண்டைக்கும் மினுங்குதோ பாப்பம்" என்று சிரித்துவிட்டுப் போன முகம்!

செருப்பை மாட்டினாள். "எங்கை போறீர்?" என்று மனுவேல் கேட்பதற்குள் கல்வேலியைத் தாண்டிவிட்டாள்.

கரையில் முன்வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்தது. புதிதாகத் தார் பூசிய கரிய உடல். பஸ்ரியாம்பிள்ளை வாளியும் கையுமாக அதைக் கழுவிக்கொண்டிருந்தார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வாரும் ரீச்சர்! அணியத்திலை இடம் காணுமோ எண்டு பாக்க வந்தனீரோ? கீழை ஒரு வாளியும் கட்டிவிடட்டோ, வழியிற பெயின்ரைப் பிடிக்க?"

வலைக்காரர்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

"அண்ணை, பகிடி பேந்து. நேற்று யன்னலாலை எட்டிப் பாத்தனீங்கள். என்ரை படத்திலை என்ன போட்டனீங்கள்?"

பஸ்ரியாம்பிள்ளையின் சிரிப்பு நின்றது. வாளியை மணலில் குத்தி வைத்தார்.

"மாதாவாணை, நான் கிட்டவும் போகேல்லை. உம்மடை படத்தை நான் ஏன் தள்ளி விழுத்தோணும்? விழப்போறதெல்லே அது! நாளைக்குப் பட்டைத் தண்ணி பாத்துக்கொள்ளும்."

பொய் சொல்லும் முகமில்லை அது. அவமானம் பட்ட முகம். ஜசிந்தா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வள்ளத்தைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கரிய தாரில் நீர்த்துளிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. காயக் காய, ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டுப் போனது. மாதாவின் நெற்றியில் கிடந்த அதே வளையம்!

"அண்ணை, இது கடல் தண்ணியோ?"

"பெருநாள் வள்ளத்தைக் கடல் தண்ணியாலை கழுவுறதோ? உங்கடை வீட்டுப் பக்கத்துக் கிணத்து நல்ல தண்ணி. அள்ளிக்கொண்டு வந்து தோள் கழண்டு போச்சு."

ஜசிந்தா வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். தேன். அவளுக்குத் தேன். பிறந்த நாள் தொட்டு அதையே குடித்து வளர்ந்த நாக்கு வேறென்ன சொல்லும்? இந்தத் தீவில் குடிக்க முடிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர். உப்பு இருக்கிறதென்று ஒரு குருநகர்க்காரன் காலை தோறும் கத்தினான். அவள் கேட்டாளா?

தூசியைத் துடைக்கப்போய், உப்பைப் பூசி, அதற்கு மேல் வார்னிசால் மூடிவிட்டிருக்கிறாள். தன் கையாலேயே!

யோசிக்க நேரமில்லை. வார்னிசைக் கழற்ற வேண்டும். கழற்றக்கூடியதுதான் என்று போத்தல் தாள் சொன்னது. எதனால் என்றும் சொன்னது. அந்தச் சாமான் தீவில் ஒரே ஒரு மனிதரிடம்தான் இருந்தது.

"அண்ணை, நான் கதைச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கொஞ்சம் ரேப்பன்ரைன் தருவீங்களோ?"

"என்னத்துக்கு?"

"படத்தைத் துடைக்க."

பஸ்ரியாம்பிள்ளையின் தொந்தி குலுங்கத் தொடங்கியது. ரேப்பன்ரைன் என்றால் பெயின்ரைத் தண்ணீராக்குகிற சாமான். அவருடைய படத்தில் ஒரு துணி நனைத்துத் தேய்த்தால் மாதாவும் மிஞ்சமாட்டாள், கடலும் மிஞ்சாது.

"பட்டைத் தண்ணிக்கு வேலை வையாமல் நீரே முடிக்கப்போறீரோ? கொண்டு போம் பிள்ளை! ரின்னோடை கொண்டு போம்! தேய்ச்சுத் தரோணுமெண்டாலும் ஆள் விடுறன்!"

சிரிப்பு அவள் முதுகைத் துரத்திக்கொண்டு வந்தது. ரின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் யன்னல்களைச் சாத்தினாள். படத்தை மேசையில் மல்லாத்தினாள். வெள்ளைத் துணியில் ரேப்பன்ரைனை நனைத்தாள். படத்தின் ஓரத்தில், கடலின் ஆழ்நீலத்தின் மேல், துணியை வைத்தாள்.

துணியில் நீலம் ஏறினால் எல்லாம் முடிந்தது. கீழே பூசிய காவல் தோற்றுவிட்டதென்று அர்த்தம். சுவரும் போனது.

மெல்லத் தேய்த்தாள். வார்னிஸ் இளகி வழுக்கியது. துணியைத் திருப்பினாள்.

மஞ்சளாய் ஒரு பிசின். உப்புத் தூள். நீலம்? ஒரு பொட்டுக்கூட இல்லை!

"மாதாவே!" என்றாள் வாய்விட்டு.

பிறகு கை பறந்தது. துணி மாற்றி மாற்றி, அழுத்தாமல், ஊறவிடாமல் துடைத்தாள். மணம் மூக்கை அரித்தது. கண் எரிந்தது. முக்காடு முடிந்தது, முகம் முடிந்தது, அலைகள் முடிந்தன. வார்னிஸ் போன படம் மங்கலாக, ஆனால் முழுசாகக் கிடந்தது. மிச்ச உப்பையும் கழுவ வேண்டும். இப்போதுதான் உண்மையான சிக்கல். கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். உப்பே இல்லாத தண்ணீர். ஆவணி மாதத்தில் மழைக்கு எங்கே போவது?

"இஞ்சருங்கோ, உங்கடை லோஞ்சு பற்றரிக்கு ஒரு தண்ணி விடுவீங்களே..."

மனுவேல் இரண்டடி பின்வாங்கினான். "அதைக் கேக்காதையும். யாழ்ப்பாணத்திலை இருந்து அருமந்தாப்போலை கொண்டு வந்தனான். எனக்கே குடிக்கத் தராமல் பற்றரிக்கு விடுறன்."

"அதிலை உப்பில்லையே?"

"உப்பிருந்தாப் பற்றரி செத்துப்போம். ஏன் கேக்கிறீர்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி உப்பு."

மனுவேல் காதைத் தீட்டிக்கொண்டான். "என்ன சொன்னனீர்? திருப்பிச் சொல்லும்."

"உப்பு! உப்பு! நீங்கள் சொன்னதுதான் சரி! காணுமோ?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து காத்திருந்த வார்த்தை. மனுவேல் துள்ளிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினான். போத்தலோடு திரும்பி வந்தான்.

அந்தத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஜசிந்தா படத்தைக் கழுவி எடுத்தாள். காய்ந்தபோது ஆழ்நீலம் ஆழ்நீலமாகவே நின்றது, வெண்மை திரும்பவில்லை. நிலத்தில் தூசி எழாமல் முன்பே தண்ணீர் தெளித்து உலரவிட்டிருந்தாள். மேசையைச் சுற்றி நாலு கதிரை வைத்து, மேலே படுக்கை விரிப்பைக் கூடாரமாக விரித்துக் குனிந்து உள்ளே நுழைந்தாள். போத்தலில் வார்னிஸ் ஒரு பூச்சுக்குத்தான் கிடந்தது. தட்டையான பீங்கானில் மெதுவாகச் சரித்து ஊற்றினாள். தூரிகையை நனைத்தாள். மூச்சைப் பிடித்தாள். மேலிருந்து கீழ், ஒரே இழுப்பு. அடுத்தது, முந்தியதின் விளிம்பைத் தொட்டு. ஓரிடத்தில் தூரிகைத் தடம் தெரிந்தது. அதைச் சரிசெய்யக் கை திரும்பிப் போகத் துடித்தது. போகவிடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவே தடம் தானாகப் பரவி மறைந்தது.

பெருநாள் காலையில் கரை கொள்ளாத சனம். முன்வள்ளம் பாறைகளைச் சுற்றித் திரும்பி வந்தது. அணியத்தில் மாதா. அலைச் சாரலில் நனைந்து, வெயிலில் பார்க்கக் கண் கூசியது. அதையே பார்த்துக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளையின் வாய் மூடவில்லை.

"ரேப்பன்ரைன் பாவிக்கேல்லையோ ரீச்சர்?"

"ரின்னிலை பாதி முடிஞ்சுது அண்ணை."

முதல் பட்டை வீசப்பட்டது. தண்ணீர் படத்தில் மோதி, முத்து முத்தாய் உருண்டு, மணலில் விழுந்தது. அடுத்த சம்மாட்டி. அதற்கடுத்தவர். ஜசிந்தா மணலையே பார்த்தாள். வெறும் தண்ணீர். நீலமில்லை, சிவப்பில்லை.

"உந்தத் தண்ணி காணாது, விலகுங்கோ!"

பஸ்ரியாம்பிள்ளைதான். பட்டையைப் பறித்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, விளிம்பு தளும்ப அள்ளி, வள்ளமே ஆடும்படி எறிந்தார். மறுபடி அள்ளி எறிந்தார். பிறகு கிட்டப் போய்த் தன் வெள்ளைச் சால்வையால் மாதாவின் முக்காட்டை அழுத்தித் துடைத்து, சால்வையை மூப்பருக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்.

வெள்ளை.

"மூப்பர், நேற்று என்ரை ரேப்பன்ரைனைக் குடிச்சும் அசையாமல் நிண்ட படம். உப்புத் தண்ணி என்ன செய்யும்? சுவரை ரீச்சருக்குக் குடுங்கோ. ஏறி நிண்டு கீறச் சாரம் கட்டித் தாறது நான்!"

கரை அதிர்ந்தது. கோயில் மணி தொடங்கியது. மூப்பர் இன்னாசித்தம்பி சிரித்துக்கொண்டே ஜசிந்தாவுக்கு வழி விட்டார். அவள் நேரே உள்ளே போனாள். பீடத்துக்குப் பின்னால், கடற்காற்றைக் குடித்து நின்ற அந்த வெறுஞ்சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். கை முழுக்க வெள்ளை உப்புப் பொருக்கு.

"முதல்லை இந்தச் சுவர் முழுக்க வடிவாக் கழுவோணும்" என்றாள் திரும்பி.

"எந்தத் தண்ணியாலை பிள்ளை?" என்று கேட்டார் மூப்பர்.

ஜசிந்தா மனுவேலைத் தேடினாள். அவன் அதற்குள் கூட்டத்தை இடித்துக்கொண்டு லோஞ்சுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான், பற்றரித் தண்ணீரை ஒளித்து வைக்க.