மகாராணி ஏறிய மேடு

"மூச்சுகூட சத்தமா விடாதே" என்று சொல்லித்தான் கண்ணாடிக்காரர் தன் மனைவியைக் கடைசிப் பெட்டியில் ஏற்றிவிட்டார். அவள் கையில் ஒரு ரெக்கார்டரைத் திணித்தார். காற்று இரைச்சல் விழாமலிருக்க அதன் தலையில் குட்டிக் கம்பளித் தொப்பி மாட்டியிருந்தது. "தும்மல் வந்தா மூக்கப் பொத்திக்க. வாயத் திறந்தே, எல்லாம் பாழ்."

"முன்னாடிப் பெட்டியில உக்காந்து புடிக்கிறேனே. எதுக்கு வால்ல கொண்டுபோய் விடறீங்க?"

"முன்னாடி வெறும் ஆவி இரைச்சல்தான் விழும். கடைசியில இருந்தாத்தான் மகாராணி குரல் பாறையில மோதித் திரும்பி வர்றது கேக்கும். உனக்கு எங்க புரியப் போகுது."

அவளுக்குப் புரியாது என்பது அந்த வீட்டில் ரொம்பப் பழைய செய்தி. மூக்குக்கண்ணாடிக் கடை அவர் பெயரில் இருந்தது. கடையைத் திறப்பதும் பூட்டுவதும் வாடிக்கையாளரின் மூக்குக்குச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பதும் அவள். அவர் பொழுதெல்லாம் ரயில் கொட்டகையில் மகாராணியின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். மகாராணி என்பது ஒரு நீராவி இன்ஜின். இவள் மனசுக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. மற்றவர்களுக்கு வாய்க்கும் சக்களத்திக்காவது ஒருநாள் வயசாகிவிடும். இவளுடைய சக்களத்திக்குப் பழசாகப் பழசாகத்தான் மவுசு ஏறியது.

கொட்டகையில் இப்படிப் பித்துப் பிடித்தவர்கள் ஒரு சங்கமாகவே இருந்தார்கள். அதற்குள் கரிக்கட்சி, டீசல் கட்சி என்று இரண்டு பிரிவு. கரிக்கட்சிக்கு நெருப்பும் ஆவியும் இல்லாதது இன்ஜினே இல்லை. டீசல் கட்சிக்கோ, அரதப் பழசான ஒரு டீசல் இன்ஜின் காலையில் இருமிக்கொண்டு எழுந்து முதல் கறுப்புப் புகையைக் கக்கும் காட்சி போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். அந்த டீசலை ஓட்டுகிறவர் நல்ல மனுஷர். அவர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை கண்ணாடிக்காரர். அவர் வண்டிக்குத் 'தகர டப்பா' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்.

இப்போது மகாராணிக்குக் கண்டம். பாய்லர் தளர்ந்துவிட்டது என்றார் அந்த ரயில் பாதையின் மேனேஜர். மணல் மூட்டை ஏற்றிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு யார் தயவும் இல்லாமல் மேடு ஏறினால் பிழைத்தாள், பாதையில் ஓடலாம். ஏறவில்லையென்றால் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் சிமெண்டு மேடை கட்டி ஏற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் அவள் வயிற்றில் நெருப்பே கிடையாது. பாதுகாப்புக்காக வண்டியின் வாலில் டீசலைக் கோத்திருந்தார்கள். அது சும்மா உறுமிக்கொண்டு கூட வரலாம். லீவரைத் தொட்டால் மகாராணி தோற்றதாகக் கணக்கு.

மேனேஜர் இதைச் சொன்ன அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதார். பிறகு வந்து அவள் மடியில் தலை வைத்தார். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தலை அந்த மடிக்கு வந்தது. அழுதது சக்களத்திக்காக என்று தெரிந்தும் அவளுக்குக் கனக்கவில்லை. வெட்கம் கெட்ட மனசு, சந்தோஷப்பட்டது.

கண்ணாடிக்காரரே மகாராணியை ஓட்ட, வண்டி கிளம்பியது. சமதளத்தில் மகாராணி கம்பீரமாகத்தான் போனாள். மேட்டில் ஏறி, பாறையைக் குடைந்த வளைவுக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கிச் சும்மா சுற்றுவது கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு புதர் மெல்ல மெல்ல நகர்ந்து, அப்புறம் நகராமல் நின்றுவிட்டது.

ஒழிந்தாள் சக்களத்தி என்று கைதட்டியிருக்க வேண்டியவள்தான். ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது குழாயடியில் அழுத முகம். பெட்டியின் பின்வாசலுக்கு ஓடினாள். கைக்கெட்டும் தூரத்தில் டீசலின் முகப்பு. ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார் அதன் டிரைவர்.

"அண்ணே! கொஞ்சம் தள்ளுங்களேன்!"

"என்னம்மா விளையாடறியா? நான் தொட்டா உங்க வீட்டுக்காரர் தோத்துடுவாரு."

"யாருக்குத் தெரியப் போகுது? வளைவுல மறைவாத்தானே இருக்கோம். அவரு முகத்த என்னால பாக்க முடியாதுண்ணே. உங்க கால்ல வேணா விழறேன். தள்ளுங்க!"

மகாராணி ஒழிந்தால் அவருடைய தகர டப்பாவுக்குத்தான் யோகம். அது அவருக்கும் தெரியும். அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே லீவரை நகர்த்தினார். டீசல் உறுமலை விட்டுக் கர்ஜித்தது. நின்றிருந்த புதர் பின்னால் போனது. வளைவு தாண்டுவதற்குள் அவர் கையை எடுத்துவிட்டார். எஞ்சியிருந்த சொற்ப ஏற்றத்தை மகாராணி தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு ஏறினாள்.

உச்சியில் ஒரே ஆரவாரம். பல் டாக்டர், வக்கீல், ரிட்டயரான வாத்தியார் எல்லாரும் கேமராவும் கையுமாகக் குதித்தார்கள். கண்ணாடிக்காரர் கரி பூசிய முகத்தோடு இறங்கி, "வழுக்கினா பாருங்க, தண்டவாளத்துல மணலைத் தூவினேன், கப்புன்னு புடிச்சுக்கிட்டா!" என்று சொல்லிவிட்டு மகாராணியின் இரும்புக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். மனைவி அந்தப் பக்கமாகத்தான் நின்றிருந்தாள்.

டீசல்காரர் அவளைக் கடக்கும்போது ரெக்கார்டரைக் கண்ணால் காட்டினார். "அத அழிச்சுடும்மா."

"எப்படி அழிக்கிறதுன்னு தெரியாதுண்ணே. பேட்டரி போச்சுன்னு சொல்லிக்கறேன். வீட்டுக்குப் போனதும் தொலைச்சுடறேன்."

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டம் முடிந்ததும் கொட்டகையில் கூடி, எடுத்த பதிவைப் போட்டு, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நேரில் கேட்டது பாதி. இப்படிக் கேட்டால்தான் அவர்களுக்கு முழுசு. அன்று மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். பதிவுக்கு முன்னால் கண்ணாடிக்காரர் இரண்டு வார்த்தை பேச எழுந்தார்.

"மகாராணி இங்க வந்து இறங்கின கதை உங்க யாருக்கும் முழுசாத் தெரியாது. அன்னிக்குத்தான் எங்க வீட்டம்மாவுக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்க. ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு, லாரி வந்துடுச்சுன்னு போன். நான் என்ன செய்வேன்? நழுவி இங்க வந்துட்டேன். டாக்டர் என்னைத் தேடறாரு, நான் இங்க மகாராணிக்கு மசகு போட்டுக்கிட்டிருக்கேன்! அங்க ஒண்ணு போச்சு, இங்க ஒண்ணு வந்துச்சு. கணக்கு சரியாப் போச்சா இல்லையா?"

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். வக்கீலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. கண் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லாமல், நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிப் பிள்ளை இல்லை என்பதைத் தனியாகக் கேட்டவள் அவள். மருந்துக் கடையில் கூட்டம் என்று அன்று சொன்னார். அவள் நம்பினாள். எனக்காகக் கால்கடுக்க வரிசையில் நின்றாரே என்று பல தடவை நினைத்து உருகியும் இருக்கிறாள். அந்த ஒரு வரிசையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் மற்றதையெல்லாம் மன்னித்தாள். இப்போது அந்த வரிசையே பொய் என்று ஆனது.

"எங்க, குடு" என்று கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். "பேட்டரி இருக்கில்ல?"

டீசல்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"இருக்குங்க. எல்லாம் நல்லாப் பதிவாயிருக்கு. கண்ண மூடிக் கேளுங்க."

கண்களை மூடிக்கொண்டார்கள். மகாராணியின் மூச்சு கொட்டகையை நிறைத்தது. கண்ணாடிக்காரரின் தலை அதற்குத் தகுந்தபடி ஆடியது. மூச்சு தளர்ந்தது, வழுக்கியது, நின்றது. பல் டாக்டரின் புருவம் சுருங்கியது. அடுத்து வந்தது ஒரு பெண்ணின் கதறல்.

"அண்ணே! கொஞ்சம் தள்ளுங்களேன்!"

தன் குரலும் அதற்குள் இருக்கும் என்பதை அந்த ஆத்திரத்தில் அவள் மறந்தே போயிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று அவள் கெஞ்சியதும், காலில் விழுகிறேன் என்றதும் ஒரு எழுத்து விடாமல் வந்தன. பிறகு டீசலின் கர்ஜனை. எத்தனை கண்கள் திறந்தனவோ அத்தனையும் அவள் பக்கம் திரும்பின.

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மன்னிக்கணும். ஹோட்டல்காரங்ககிட்ட நாளைக்கே சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கண்ணாடிக்காரர் கடைசியாகத்தான் கண்ணைத் திறந்தார். எழுந்து அவளிடம் வந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ள அவள் தயாராக இருந்தாள். ஏன் போட்டுக் காட்டினாய் என்று கேட்டால் சொல்லப் பதில் இருந்தது. எனக்காகவா கெஞ்சினாய் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அப்படிக் கேட்டுவிடுவார் என்று, அந்த நிலையிலும், அவள் நம்பினாள்.

"வாயத் திறக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "அவ கடைசியா பாடினது இது ஒண்ணுதான். அதுல போய் உன் சத்தம்."

ரெக்கார்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், இவ பேசறத மட்டும் வெட்டி எடுத்துட முடியுமா?"

"அதெல்லாம் சுலபம்" என்றார் பல் டாக்டர். "எடுத்த இடமே தெரியாது."