திறக்காத கதவுக்கு நல்ல விலை

ஆறு வருடமாக வடிவமைப்பாளன் ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தான். செங்கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை, எல்லாம் கணினிக்குள். அந்த விளையாட்டில் சண்டை கிடையாது. மழை விட்ட ஊரில் தெருத் தெருவாக நடக்கலாம். எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து அடுப்பிலிருக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கலாம். ஊரில் ஒரு கதவுகூடப் பூட்டியிருக்காது. ஒரு கதவைச் செய்து அதையே நகலெடுத்து ஒட்டிவிடுவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். இவன் நாலாயிரம் கதவையும் தனித்தனியாகச் செய்தான். பிழைக்கத் தெரியாதவன் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கம்பெனி அவன் மனைவியின் அண்ணனுடையது. இல்லாவிட்டால் ஆறு மாதத்திலேயே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருந்தாள். "எனக்காவது காட்டக் கூடாதா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. "முடியட்டும், காட்டறேன்" என்பதையே அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். அரைகுறையாகப் பார்த்துவிட்டு அவள் ஒப்புக்கு "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாது என்ற பயம்தான்.

ஒருநாள் முன்னோட்டமாக ஊரின் வாசல் கதவை மட்டும் வெளியே விட்டார்கள். பணம் கட்டும் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதை அவன் கதவு தட்டும் சத்தத்தோடு இணைத்து வைத்திருந்தான். சோதனை முடிந்ததும் கழற்ற மறந்துபோனான். விளைவு, தட்ட வந்தவர்களிடம் கதவு காசு கேட்டது. கொடுத்தார்கள். டொக் டொக் என்றது. திறக்கவில்லை. மறுபடி கொடுத்தார்கள்.

வேலை போச்சு என்று முதலாளி அறைக்கு ஓடினான். முதலாளி எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அந்தக் கதவை மட்டும் திறந்துடாத."

அதற்குப் பிறகு கம்பெனிக்குச் சுக்கிர திசை. விற்பனைத் தலைவர் தட்டுவதற்குப் பட்டுக் கையுறை விற்றார். உள்ளேயிருந்து யாரோ இருமுவது கேட்கும் வசதிக்கு மாதச் சந்தா வைத்தார். இருமியது அலுவலகக் காவலாளி. அது ஆண் இருமலா பெண் இருமலா என்று ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். காவலாளி இருமலுக்கு மருந்து சாப்பிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஊருக்கு மழை செய்துகொண்டிருந்தவரைக் கதவுக் கீல் பிரிவுக்கு மாற்றினார்கள். கீல் அசையவே போவதில்லை என்பதால் அவர் நாள் முழுக்க ஜன்னல் வழியாக நிஜ மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஊரையே அழித்துவிடச் சொன்னார்கள். வீணாக இடத்தை அடைக்கிறதாம்.

வடிவமைப்பாளன் மறுபடி முதலாளி அறைக்கு ஓடினான். "ஒருத்தராவது பார்க்கட்டும் மச்சான். அப்புறம் அழிச்சுக்கலாம்" என்று கெஞ்சினான்.

"நம்ம கதவை அதிகமா தட்டினவங்களைக் கூப்பிடறேன்" என்றார் முதலாளி. "அவங்க பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொன்னா ஊர் இருக்கட்டும். இல்லேன்னா பேச்சே கிடையாது."

அதிகமாகத் தட்டியவர் 'பக்கத்து வீடு' என்ற புனைபெயரில் விளையாடுபவர். அவரை வரவேற்க முதலாளி, விற்பனைத் தலைவர், வடிவமைப்பாளன் மூவரும் பூங்கொத்தோடு வாசலில் நின்றார்கள். மருத்துவமனைச் சீருடையோடு வந்து இறங்கியது வடிவமைப்பாளனின் மனைவி. மாதம் பிறந்தால் அவன் சம்பளம் வீட்டுக்குப் போய், டொக் டொக்கென்று அலுவலகத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"நீயா?" என்றான்.

"கேட்டா காட்டமாட்டேங்கறீங்க. தட்டியாவது பார்ப்போம்னுதான்" என்றாள்.

முகத்தில் மாட்டும் திரையை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். அவள் பார்ப்பது மற்றவர்களுக்குத் தெரியாது. அவன் கதவைத் திறந்துவிட்டான். அவள் மெல்ல அடியெடுத்து வைத்தாள். ஒரு கையை நீட்டி எதையோ தள்ளினாள், குனிந்தாள், மூடியைத் திறப்பதுபோல் விரலைத் தூக்கினாள். அப்புறம் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றாள்.

"உள்ள மொத்தம் எத்தனை கதவு சார்?" என்று கேட்டார் விற்பனைத் தலைவர்.

"நாலாயிரம். எல்லாமே திறந்திருக்கும்" என்றான் அவன், பெருமை தாங்காமல்.

விற்பனைத் தலைவரும் முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாலாயிரத்தையும் பூட்டிட்டா?" என்றார் முதலாளி. குரலில் எச்சில் ஊறியது.

அவள் திரையைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"அழுதியா என்ன? எப்படிம்மா இருக்கு?" என்று அண்ணன் ஆவலாகக் கேட்டார்.

"கொட்டாவி விட்டேன்" என்றாள். "சகிக்கலண்ணா. கதவுன்னு பேருக்கு நாலு கோடு போட்டு வச்சிருக்காரு. இதைப் பூட்டினா தட்டறதுக்கு ஒருத்தன் வரமாட்டான்."

தங்கைக்குப் பொய் சொல்ல வராது என்பது அண்ணனின் அசைக்க முடியாத நம்பிக்கை. "அழிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டார். வடிவமைப்பாளன் அங்கேயே நாற்காலியில் சரிந்தான். ஆறு வருடம் பயந்தது நடந்துவிட்டது. ஒப்புக்காவது நல்லாருக்கு என்று சொல்லியிருக்கலாம்.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு டிஸ்க்ல போட்டுக் குடுண்ணா" என்றாள் அவள். "இல்லேன்னா வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. நான்தான் படணும்."

"எடுத்துட்டுப் போ. நமக்கெதுக்கு அந்தக் குப்பை?" என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் டிஸ்க்கைக் கணினியில் சொருகினாள். திரையில் ஊர் விரிந்தது. தெரு முனை திரும்பி, ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைத் தாண்டி, நேராக ஒரு நீல வீட்டுக்குப் போனாள். உள்ளே இருப்பது அவர்கள் கல்யாணமான புதிதில் குடியிருந்த வீட்டின் அடுக்களை. கைப்பிடி உடைந்த பாத்திரம்கூட அப்படியே இருக்கும். காலையில் அவள் நெடுநேரம் நின்ற இடம் எது என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

வாசலில் நின்று அவள் டொக் டொக் என்று தட்டினாள்.

"திறந்துதான் இருக்கு" என்றான்.

"தெரியும்" என்றாள். "பழகிப்போச்சு."