யாரும் போகாத மலையிடுக்கு

1
இந்தக் கதை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கிடைத்தது, ஒளிப்பானேன். நல்லேப்பிள்ளியில் என் பக்கத்து வீட்டு மருதாத்தாள் ஆடியில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறுவாள். மறுநாள் சேலைக்கரையில் ஆற்றுமணலோடு திரும்புவாள்.

‘மலையிடுக்கில் ஆறு சீறிப் பாய்ந்து…’ (அடித்துவிட்டேன். நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.)

2
இது 1977. ஆறு பாயும் அந்த இடுக்கை மனிதர் நுழையாத காடாகக் காக்க யோசனை. ஆற்றோர ஊர்களில் விசாரிக்க வந்த ஆபீசர், அங்கே யாராவது போவதுண்டா என்று மருதாத்தாளிடம் கேட்டார்.

“ஆரும் போறதில்லீங்க.”

கண்ணிமைக்கவில்லை. இடுக்கிலுள்ள கன்னிமாருக்கு நேர்ந்துகொண்டவர் அதை வாய்விட்டுச் சொன்னால் நேர்ச்சை பலிக்காது. போகிற முப்பது குடும்பமும் இதையேதான் சொல்லியிருக்கிறது. (அங்கே எதிர்ப்பட்டாலும் பார்க்காத மாதிரி நடப்பார்களாம். என்ன ஜனங்களோ!) ஆபீசர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்: மனித நடமாட்டம் இல்லை.

3
மருதாத்தாள் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் தங்கிய மகளுக்கு, வருகிற ஆடியில் முதல்முடியை அங்கேதான் இறக்க வேண்டும்.*

“ஏனுங்க்கா, அங்க கேட் போட்டுக் காவலுக்கு ஆளு நிறுத்தப் போறாங்களாமா?”

“உனக்கென்னடி?” என்றேன். “நீதான் போறதே இல்லையே.”

“சும்மா கேட்டனுங்க.”

“புள்ள தலையில பேன் மேயுது. ஊட்டுலயே மொட்டையடிச்சு உடு.”

“அக்கா!” குழந்தையின் காதைப் பொத்தினாள், தன் காதையல்ல.

* இதை அவள் சொல்லவில்லை. மூன்று வயதாகியும் கத்திரி படாத சடை சொன்னது.

4
முடிவு ஒன்று: காவலுக்குத் தப்பி, வெள்ளத்தில் குழந்தையோடு இறங்கி… வேண்டாம். கதைக்காகக்கூட என்னால் முடியாது.

முடிவு இரண்டு: காவல்காரனுக்கும் அங்கே ஒரு நேர்ச்சை. (வசதியாக இருக்கிறது. அதனாலேயே நம்பவில்லை.)

5
ஆட்சேபம் இருந்தால் நாளைக்குள் எழுத்தில் தரலாமாம்: யார் போகிறார்கள், எப்போது, எதற்கு. ஒரே ஒரு ஆள் எழுதினால் போதும். வழிபாட்டுக்கு வழி விடுவார்கள். முப்பது குடும்பத்தில் ஒரு பேனா அசையவில்லை.

மேலே நான் எழுதியதைப் பாருங்கள். பெயர், மாதம், காரணம் எல்லாம் இருக்கிறது. நேர்ந்தவள் சொல்லக் கூடாது, சரி. வேலிக்கு இந்தப்பக்கம் இருப்பவள் சொன்னால்? அவளிடமே கேட்கலாம், கேட்டால் அவள் வாய் திறந்தாக வேண்டும்.

தபால்காரர் நாலு மணிக்கு வருவார். வேலிக்கப்பால் மருதாத்தாள் அந்தச் சிக்குச்சடையை விரலால் பிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. காகிதம் உங்கள் கையில் இருக்கிறது. உறையில் போடுவதோ அடுப்பில் போடுவதோ, நீங்களே செய்யுங்கள்.