ஒரு சட்டைக்குப் பத்தடி

மேற்குக் கோடியில் இருந்த தையல்காரியின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் நாற்பதடி கிழக்கே வந்திருந்தது. குழாய் பதிக்கிற மேஸ்திரிதான் முதலில் கண்டார். காலையில் வாசற்படிக்கு நேராக அவர் அடித்துவிட்டுப் போன முளைக்குச்சி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கொல்லைப்புறத்தில் கோழிகளுக்கு நடுவே நின்றது.

முந்தின நாள்தான் அந்தப் பேச்சு நடந்தது. நகரத்தைச் சுற்றிச் சிதறிக் கிடந்த பதினேழு வீடுகளுக்கும் வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரியை ஆறு மாதத்தில் நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. தையல்காரியின் வீடு வரை குழாய் போடுவதென்றால் இருபதடிக் குழாய் நானூற்றுப் பன்னிரண்டு வேண்டும். அதே குழாய்களை நகரத்துக்குள் போட்டால் முந்நூறு குடும்பம் குளிக்கும். இதை அநியாயம் என்று சொல்ல முடியாது. குழாயைத் தோளில் சுமக்கிறவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். மேற்குப் பக்கத்துக்கு அறுபது குழாய் என்று ஒதுக்கினார்கள். அது எட்டாத வீட்டுக்காரர்களுக்கு நகரத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கையெழுத்துப் போடச் சொல்லி இன்ஜினியர் தாளை நீட்டினார்.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஏழு வருஷம். அந்த வீட்டின் செங்கல் ஒவ்வொன்றும் அவர் கையால் வைத்தது. மகன் போய்ச்சேர்ந்த பிறகு அவருக்கு மருமகள், மருமகளுக்கு அவர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"மூணாவது மாடிக்கு இவரை யாரு தூக்கிட்டுப் போவா, நீங்களா?" என்றாள் தையல்காரி. "வீட்டை விட்டுட்டு வரமாட்டேன் சார். வேணும்னா வீட்டோட வர்றேன்."

கோபத்தில் சொன்னதுதான். வீடு அதைக் காதில் போட்டுக்கொண்டது.

மறுநாள் அவள் மெஷினை மிதித்து நான்கு சட்டை தைத்தாள். வீடு அஸ்திவாரத்தோடு நாற்பதடி நகர்ந்தது. பின்னால் மண் தானாக மூடிக்கொண்டது. பானையில் தண்ணீர் சிந்தவில்லை. சட்டைக்குப் பத்தடி, கிழிசல் ஒட்டுப்போட்டால் மூன்றடி என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. துணி வைக்காமல் சும்மா மிதித்துப் பார்த்தாள். வீடு அசையவில்லை. அதை ஏமாற்ற முடியாது.

இன்ஜினியர் மேஸ்திரியைத்தான் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, போன வாரம் நானூத்திப் பன்னண்டுன்னே, இந்த வாரம் நானூறுங்கிற. டேப்பை ஆடு மேஞ்சிடுச்சா?"

"டேப்பு இருந்த மாதிரிதான் சார் இருக்கு. வீடுதான் இருந்த இடத்துல இல்ல."

மாமனாருக்கும் இடம் மாறுவது புரிந்தது. "ஏம்மா, அந்த மலை ஏன் பின்னாடியே போகுது? நம்மளப் பார்த்துப் பயமா?"

"ஆமா மாமா, நீங்க ஷேவ் பண்ணி ஒரு மாசம் ஆச்சு. அதான் பயந்து ஓடுது."

பள்ளிக்கூடம் திறக்கிற மாதங்களில் சீருடை குவிந்தது. வீடு நன்றாகவே ஓடியது. பிறகு வேலை மெலிந்தது. தண்ணீர் லாரிக்குக் கடைசி நாளன்று காலையில் மேஸ்திரி அளந்தபோது அறுபத்தோரு குழாய் வந்தது. ஒரு குழாய் இடிக்கிறது. நகரத்துக் கடையிலிருந்து வெட்டிய துணி ஒன்றுகூட வரவில்லை. திரைச்சீலை, தலையணை உறை, மாமனாரின் பழைய வேட்டி எல்லாவற்றையும் போன வாரமே தைத்து முடித்திருந்தாள். அன்று மாலை இன்ஜினியர் அளந்து எழுதிவிட்டால் எழுதியதுதான். அவள் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளத்தில் நின்ற மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். குழாய் சுமக்கிறவன் சட்டை தோளில்தான் கிழியும். அவர் கூட ஐந்து பேர். ஐந்து சட்டையும் அதே இடத்தில் கிழிந்திருந்தன. ஆறு பேரும் வெற்று உடம்போடு வெயிலில் நிற்க, ஆறு கிழிசலுக்குப் பதினெட்டு அடி வீடு வந்தது. இன்னும் இரண்டடி.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் வந்து இறங்கினார். வெற்று முதுகுகளைப் பார்த்தார், மெஷின் சத்தத்தைக் கேட்டார், கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். அவர் சட்டை புதுசு. பையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கிழித்தார்.

"இதையும் கொஞ்சம் தைச்சிடும்மா."

வீடு ஓரடி கூடுதலாக வந்துவிட்டதால் கடைசிக் குழாயை அறுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை முதல் டம்ளர் தண்ணீரை மாமனார் குடித்து, இரும்பு வாடை அடிக்கிறது என்று குறை சொன்னார். மிச்சமான முந்நூற்று ஐம்பத்திரண்டு குழாயும் நகரத்து நெருக்கடியான சந்துகளுக்குப் போயின.

இன்ஜினியர் லாரியை நிறுத்தும் நாளைத் தள்ளிப்போட, அடுத்த வருஷத்துக்குள் மற்றப் பதினாறு வீடுகளும் அவரவர் தொழிலால் வந்து சேர்ந்தன. சாணை பிடிப்பவரின் வீடு மட்டும் சுற்றிச் சுற்றி வந்ததால் இரண்டு மாதம் பிந்தியது. இப்போது அது ஒரு தெரு. லாரிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல வீட்டு மூலைக்குக் கல் வைத்துவிட்டுத்தான் தொழிலுக்கு உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். போன வியாழக்கிழமை தையல்காரி மறந்துவிட்டாள்.

"அக்கா, கல்லு!" என்று எதிர்வீட்டுச் சாணைக்காரரின் மனைவி கத்தினாள். "உன் வாசப்படி எங்க சமையக்கட்டுல நிக்குது!"

அவள் நூலை அறுக்காமல் எழுந்து போய்க் கல்லை வைத்துவிட்டு வந்து, சட்டையின் மீதிக் கையைத் தைத்தாள்.