மணல் தொட்டிப் பூசணி

"யாரைக் கேட்டுப் பிடுங்கின? சொல்லுப்பா, யாரைக் கேட்ட?"

"களைன்னு நெனச்சேன்மா. மணல்ல பச்சையா மொளைச்சிருந்தா வேற என்னன்னு நெனைக்கிறது?"

"பூசணி! நான் போட்ட பூசணி!"

"பூசணியா?" குழாய்க்காரர் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது காய்க்கிறதுக்குள்ள உனக்கு லீவு முடிஞ்சு, நீ கெளம்பிப் போயிடுவியேம்மா!"

அவ்வளவுதான். மகள் விருட்டென்று திரும்பி நடந்தாள். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான், ஏற்கெனவே உதறிய துண்டையே திரும்பத் திரும்ப உதறுவதை நிறுத்திவிட்டேன். அவர் வீட்டுப் பின்வாசலில் நின்ற அவருடைய தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, உனக்கு வாயே இல்லாம இருந்திருக்கலாம்."

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கீழே வைத்த சல்லடைக்குப் பக்கத்தில், தான் செய்த தப்பு என்னவென்றே தெரியாமல் நின்றார். தெருவில் மற்ற எல்லோருக்கும் தெரியும். அதுதான் கொடுமை.

குழாய்க்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்பார். கட்டிய மனைவிக்கு அந்தச் சுறுசுறுப்பு பிடிக்கவில்லையோ என்னவோ, ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய், பிறகு ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கப்புறம் மகளைப் பார்ப்பதெல்லாம் பூங்காவில், அம்மா பக்கத்து பெஞ்சில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம்தான். இப்போது பல் டாக்டருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. பதினைந்து வயது வந்துவிட்டதே, உன் இஷ்டம், எங்களோடு வா, இல்லை அப்பாவோடு இரு என்று சொல்லிவிட்டார்களாம். யோசிப்பதற்காகக் கோடை விடுமுறை முழுவதும் இங்கே அனுப்பியிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், குழாய்க்காரரின் தங்கை தையல்காரி. அண்ணனோடுதான் இருக்கிறாள். அளவெடுக்கும்போது வாயில் குண்டூசி இருந்தாலும் செய்தி நிற்காது.

மகள் வருகிறாள் என்றதும் அந்த மனுஷன் கொல்லையைத் தயார் செய்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஊஞ்சலுக்குப் புதுக் கயிறு. மணல் தொட்டிக்குப் புது மணல். சின்னப் பிள்ளை கை கழுவ வசதியாக முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், அதற்குச் சிவப்புப் பிடி. வந்து இறங்கியவளோ அப்பாவைவிட அரை சாண் உயரம். ஊஞ்சலில் உட்கார்ந்ததும் முட்டி மோவாயில் இடித்தது. "நல்லா இருக்குப்பா. நீங்களே செஞ்சீங்களா?" என்றாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

பாவம், அவளும் அந்தக் கொல்லையில் ஒட்டிக்கொள்ளத்தான் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்தால், "நீ உக்காரும்மா." தண்ணீர்க் குழாயை இழுத்தால், "குடு, சட்டை நனைஞ்சிடும்." வெயில் நகர நகர அவள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொடுப்பதுகூட அவர்தான். மனுஷர் போகிற போக்கைப் பார்த்தால் அவளுக்குப் பதிலாக மூச்சும் விட்டுவிடுவாரோ என்று நாங்கள் கேலி பேசினோம்.

அதனால்தான் அவர் வேலைக்குப் போன பிறகு, மணல் தொட்டியின் மூலையில் மண்ணையும் சாணி எருவையும் கலந்து விதை போட்டாள். அத்தைக்காரி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பூசணியாடி? பள்ளிக்கூடம் தெறந்து எவ்வளவோ நாள் ஆகுமே காய்க்க?"

"தெரியும் அத்தை."

"அப்போ?"

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கொடி ஓடினதும் நானே காட்டுறேன்."

அத்தை அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து அழுதாள், சிரித்தாள், "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றாள். அதையே மளிகைக் கடையிலும் சொன்னாள், சலவைக் கடையிலும் சொன்னாள். ஒரு ரகசியத்தையும் ஒழுங்காகக் காக்கத் தெரியாத எங்கள் தெரு, இந்த ஒன்றை மட்டும் கட்டிக் காத்தது. குழாய்க்காரர் எதிரே வந்தால் எல்லோரும் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தோம். என்ன விஷயம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முளைவிட்டு இரண்டு இலை வந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் எழுவதற்குள் அவர் மணலைச் சல்லடை போட்டுச் சலித்து, சிமெண்டு பூசுகிற கரண்டியால் வழவழவென்று தேய்த்து வைத்துவிட்டார்.

சண்டையில்தான் அவள் சின்ன வயசு மாதிரி அப்பாவை 'நீ' என்றாள். திட்டு வாங்கியும் அந்த மனுஷன் சிரித்தது அதற்காகத்தான் என்று தங்கை பிறகு சொன்னாள்.

அன்று மத்தியானம் தங்கை எல்லாவற்றையும் அவரிடம் உடைத்துச் சொன்னாள். கேட்டவர் மகளின் அறைப் பக்கம் போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் பறந்தார். இருட்டுவதற்குள் பெரிய தொட்டியில் காய்த்துத் தொங்குகிற பூசணிக் கொடி ஒன்று வந்து இறங்கியது. அதற்குச் சொட்டுத் தண்ணீர் விழ மெல்லிய குழாயும் பொருத்திவிட்டார்.

"பாரும்மா, காயே வந்தாச்சு! தண்ணிகூட தானாவே விழும். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவள் அந்தக் காயை ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா," என்றாள். "உங்களுக்குத்தான் சிரமம்."

'நீங்க' திரும்பி வந்துவிட்டது.

லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. அவள் தினமும் சாயங்காலம் கொல்லைப் படியில் உட்கார்ந்து, அவர் வேலை விட்டு வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்தால் பக்கத்தில் நகர்ந்து இடம் விடுவாள். அவர் உட்காராமல் எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, இருன்னு ஒரு வார்த்தை கேளேன். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா."

"அங்க பெரிய பள்ளிக்கூடமாம். நான் கேட்டு, அவ எனக்காக இருந்துட்டு, நாளைக்கு வருத்தப்பட்டா?"

"கேக்காம விட்டா இன்னிக்கே வருத்தப்படுவாளே!"

"அவளா சொல்லட்டும்."

அவள் ஒருமுறை சொல்லிவிட்டாள், மணலில். இரண்டாம் முறை சொல்வதற்கு அவளும் அவர் மகள்தானே, வாய் வரவில்லை.

லீவு முடிந்து, அவளை அழைத்துப்போகக் கார் வந்தது. அம்மா இறங்கவில்லை. பெட்டியின் சக்கரம் ஒன்று ஆடுவதைப் பார்த்துவிட்டு, குழாய்க்காரர் நடுத்தெருவில் மண்டியிட்டுத் திருகாணியை இறுக்கினார். தலைக்கு மேலே மகள் நின்றுகொண்டிருந்தாள். அவர் இறுக்கி முடிக்கும்வரை நின்றாள். முடித்த பிறகும் கொஞ்சம் நின்றாள்.

"இனிமே எங்கயும் சிக்காது. நல்லா உருளும்," என்றார் அவர்.

"சரிப்பா," என்று ஏறிக்கொண்டாள்.

கார் முனை திரும்பிய பிறகும் அவர் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்று தெரு ஒரு மனதாகச் சொல்லிக்கொண்டது.

அடுத்த வருஷம் தையல்காரி, பொத்தான் கொண்டுவந்து போடுகிற வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் ஊருக்குப் போய்விட்டாள். பல வருஷம் கழித்து மகளுக்கு வெளிநாட்டிலேயே கல்யாணம் ஆயிற்று. குழாய்க்காரர் விமானம் ஏறிப் போய்வந்தார். கல்யாணப் படத்தில் பல் டாக்டருக்கு அந்தப் பக்கம், கோட்டு பெரிதாகத் தொளதொளவென்று, நிற்கிறார். போன மாதம் அவளும் கணவனும் அதைவிடத் தூரமான ஒரு தேசத்துக்குக் குடிபோனார்கள். இவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தன் குழாய்ப் பட்டறைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைக்கு மாறிக்கொண்டார்.