மேட்டில் பூட்டிக்கொண்ட வண்டி

லூமிங் சித்தியின் கணவர் அர்சிங்கை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது பாதி வழியில் வண்டி பூட்டிக்கொண்டது. ஓட்டிவந்தவன் வெளியே நின்றான். சாவி உள்ளே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பெட்டிக்குள் சித்தப்பா இருந்தார்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊரில் கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் சவ வண்டிக்குப் பின்னால் நடந்துதான் போவோம். குடை பிடித்துக்கொண்டு, விசிறிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு மெதுவாகப் போவோம். வண்டி மேலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு பழைய காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது சித்தியின் ஒரே மகள் ரோசெல். மிலானில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அந்தக் கிழவியும் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் அப்பாவின் சாவுக்கு அவளால் கிளம்ப முடியவில்லை. அதனால் நான் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். வீடியோவில் ரோசெல் எங்களோடு நடந்தாள்.

வண்டி ஓட்டியவன் பெயர் டான்டோய். நகரத்திலிருந்து வந்தவன், இந்த வேலைக்குப் புதிது. மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை, பளபளப்பான கறுப்பு ஷூ. அவன் முதலாளி அந்த வேனை ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வாங்கி, வெள்ளை அடித்து, கண்ணாடியில் பூ வரைந்து வைத்திருந்தார். காலையில் பெட்டியை ஏற்றும்போதே டான்டோய் எல்லாரிடமும் சொல்லிவிட்டான், "பாத்து, பெயிண்ட் பாத்து."

கடற்கரைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. அதில் ஏறும்போது மீனவர் சங்கம் போட்ட பெரிய மலர்வளையம் வண்டிக் கூரையிலிருந்து சரிந்து முன்கண்ணாடியை மறைத்தது. டான்டோய் நிறுத்தினான். கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, மலர்வளையத்தைத் தூக்கிக் கட்டினான். மேட்டுச் சரிவில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. 'டப்' என்று ஒரு சத்தம். நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட சத்தம்.

அவன் முதலில் யாருக்கும் சொல்லவில்லை. சும்மா சுற்றிப் பார்ப்பவன் போல ஒவ்வொரு கதவாகப் போய் இழுத்துப் பார்த்தான். பின்கதவையும் இழுத்தான். திரும்பவும் முதல் கதவுக்கு வந்தான்.

"என்ன தம்பி?" என்றாள் சித்தி.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு நிமிஷம்."

"சாவி எங்க?"

"உள்ள இருக்கு."

"வேற சாவி?"

"முதலாளிகிட்ட."

"அவரு எங்க?"

"கப்பல்லக்கா. அக்கரையில இன்னொரு சாவு. அதுக்குப் போறாரு." கூப்பிட்டுப் பார்த்தான். நடுக்கடலில் இருக்கிறவருக்கு எப்படி மணி அடிக்கும்?

செய்தி ஊர்வலத்தின் பின்பக்கம் வரை போனது. போகப் போக மாறியது. முன்னால் 'சாவி உள்ள மாட்டிக்கிச்சு' என்று புறப்பட்டது, கடைசியில் நின்றவர்களுக்கு 'அர்சிங் உள்ளயிருந்து பூட்டிக்கிட்டாரு' என்று சேர்ந்ததாம். எங்களுக்குப் பின்னால் ஆளேற்றிப் போகும் ஜீப்னி வண்டிகள் இரண்டு வந்து நின்றன. அதில் ஒருவன் ஹாரன் அடித்தான். பெட்டியைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு எஞ்சினை அணைத்தான்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் துடைப்பக் குச்சியைக் கண்ணாடி இடுக்கில் விட்டு ஆட்டினார், அது உள்ளேயே முறிந்து விழுந்தது. இன்னொருவர் கண்ணாடியை உடைக்கலாம் என்றார். டான்டோய் வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

சித்தி பின்கண்ணாடிக்குப் போனாள். கணவர் போன நாளிலிருந்து அவள் அழுததையும் நான் பார்க்கவில்லை, சிரித்ததையும் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். இப்போது குடையை மடக்கிவிட்டு, மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"அர்சிங், நீ மட்டும் ஏசியில சொகமா படுத்திருக்க. நாங்க வெயில்ல வேகுறோம். கதவத் தொறயேன்."

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் உதடு துடித்தது. அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை, கண்ணாடியில் கையூன்றிக்கொண்டு சிரித்தாள். ஊர்வலமே சிரித்தது. கைபேசியில் ரோசெல், "என்ன ஆச்சு, எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறீங்க, எனக்கும் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வண்டி அசைந்தது. கொஞ்சம்தான், ஒரு சாண் இருக்கும். பின்னோக்கி, எங்கள் பக்கமாக.

சிரிப்பு நின்றுவிட்டது. "பிரேக் சரியா பிடிக்கலக்கா" என்றான் டான்டோய், அழுகிற குரலில். ஆம்பிளைகள் ஓடிப்போய் பின்னால் தோள் கொடுத்தார்கள். "கல்லு, கல்லு எடுங்க" என்று ஒருவர் கத்தினார். பக்கத்து வீட்டு வாசலில் பூச்செடிகளைச் சுற்றி வெள்ளையடித்த கற்கள் வரிசையாக இருந்தன. அதைப் பிடுங்கி வந்து டயருக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள்.

அந்த வீடு குலாஸின் வீடு.

குலாஸும் சித்தப்பாவும் ஒரே நாளில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ரோசெலுக்கு ஞானத்தகப்பன் குலாஸ்தான். இரண்டு பேரும் கூட்டாக ஒரு படகு வாங்கினார்கள். மனைவிமார் இருவர் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைப்பதாகப் பேச்சு. அதில்தான் வந்தது வினை. லூமிங் முன்னால் வர வேண்டும் என்றார் சித்தப்பா, பாசிங் முன்னால் வர வேண்டும் என்றார் குலாஸ். ஒருநாள் காலையில் பார்த்தால் படகின் இடப்பக்கம் 'லூம்பாஸ்', வலப்பக்கம் 'பாஸ்லூம்'. கடலோரக் காவல்காரர் வந்து, இது ஒரு படகா இரண்டு படகா என்று கேட்டார். ஊர் சிரித்தது. அந்தக் கோபத்தில் படகை விற்றார்கள், ஆளுக்கொன்று தனியாக வாங்கினார்கள், பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் இருவரும் நிறுத்தவில்லை. யார் பெயர் முன்னால் இருந்தால் என்ன என்று, ஒரே சந்தையில் மீன் விற்று ஒரே வண்டியில் வீடு திரும்பினார்கள்.

சித்தப்பாவை வீட்டில் கிடத்தியிருந்த அத்தனை இரவும் பாசிங் வந்து உட்கார்ந்திருந்தாள். குலாஸ் வரவில்லை. இன்றும் பாசிங் ஊர்வலத்தில் எங்களோடுதான் நடந்தாள். தன் பூச்செடிக் கற்களைப் பிடுங்குகிறவர்களிடம், "எடுங்க, எல்லாத்தையும் எடுங்க" என்று சொல்லிக்கொண்டே சன்னலைப் பார்த்தாள். சன்னல் பலகை கொஞ்சம் திறந்து, மூடிக்கொண்டது.

சித்தி அதைப் பார்த்தாள். நேராகப் படலைத் திறந்துகொண்டு போனாள்.

"குலாஸண்ணே."

சன்னல் பலகையைத் தட்டினாள்.

"உள்ள இருக்கீங்கன்னு தெரியும். கதவு தொறக்க ஆளில்லாம அவரு வண்டியில மாட்டிக்கிட்டாரு. வந்து தொறங்க."

"நான் என்ன பூட்டுக்காரனா?" என்றது உள்ளிருந்து குரல்.

"பூட்டுக்காரன் வந்தா உங்கள எதுக்குக் கூப்பிடப்போறேன்? அவரு வண்டி வேற வீட்டு முன்னாடி நிக்கல, உங்க வீட்டு முன்னாடிதான் நிக்குது."

பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கியது. பிறகு கதவு திறந்தது. குலாஸ் இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில் நின்றார். தலை படிய வாரியிருந்தது.

பாசிங் என் காதில் சொன்னாள், "விடிஞ்சதிலேர்ந்து இப்படித்தான் சட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வாசப்படி தாண்டத்தான் கால் வரல."

குலாஸ் யாரையும் பார்க்கவில்லை. கொல்லைப்புறம் போய், படகுப் பலகை இடுக்கை அகட்டுகிற மர ஆப்பு இரண்டும், வஞ்சிரத்துக்குத் தூண்டில் கட்டுகிற கம்பி ஒரு சுருளும் எடுத்து வந்தார். ஆப்பைத் துணியில் சுற்றி, கதவின் மேல் மூலையில் வைத்து உள்ளங்கையால் தட்டினார்.

"அண்ணே, பெயிண்ட்டு" என்றான் டான்டோய்.

"பெயிண்ட்டு முக்கியமா, உள்ள இருக்கற ஆளு முக்கியமா?"

"ஆளுதான் போயிட்டாரே அண்ணே."

"அதான் அவசரமில்ல. பெயிண்ட்டு போவாம மெதுவாவே செய்யறேன். நகரு."

இடுக்கு விரல் நுழையும் அளவுக்கு அகன்றது. ஏசிக் காற்று ஜில்லென்று வெளியே வந்து எங்கள் முகத்தில் பட்டது. குலாஸ் கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். பூட்டுப் பொத்தான் கதவின் கைப்பிடிப் பக்கத்தில் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. சித்தி எதிர்ப்பக்கக் கண்ணாடிக்குப் போய் இரண்டு கையாலும் வெயிலை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"இடது பக்கம்" என்றாள்.

"என் இடதா, உன் இடதா?"

"உங்க இடது. ஐயோ, தாண்டிட்டீங்க. மேல. இப்ப கீழ."

"மேலயா கீழயா, ஒண்ணச் சொல்லு."

"அவரோட சண்ட போட்டது பத்தாதுன்னு இப்ப என்னோடயா?"

கம்பி பொத்தானைத் தொட்டுத் தொட்டு வழுக்கியது. குலாஸின் நெற்றி வியர்வை கண்ணாடியில் வழிந்தது. ஒரு கட்டத்தில் கையை நிறுத்திவிட்டார். அவர் பார்வை இருக்கைகளைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. அங்கே பெட்டியின் மேல் சித்தப்பாவின் படம் இருந்தது. மீசை வைத்திருந்த காலத்துப் படம். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்க் கண்ணாடியிலிருந்து சித்தி மெதுவாகச் சொன்னாள், "படுத்த படுக்கையானப்புறம் உங்களத்தான் விசாரிச்சாரு, அண்ணே. குலாஸ் கடலுக்குப் போறானான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"போறாரு, ஆனா மீனு ஒண்ணும் படறதில்லன்னேன்."

"அதுக்கு?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாரு. அன்னிக்குத்தான் ஒரு கிண்ணம் கஞ்சி முழுசாக் குடிச்சாரு."

குலாஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தோள் குலுங்கியது. குலுங்கின குலுக்கலில் கம்பி நழுவி எங்கேயோ இடித்தது. 'டப்' என்று நான்கு கதவும் திறந்துகொண்டன.

எல்லாரும் கைதட்டினோம். அடக்கத்துக்குப் போகிற வழியில் கைதட்டுகிறோமே என்று உடனே வெட்கமாகிவிட்டது. டான்டோய் பாய்ந்து உள்ளே ஏறி பிரேக்கை மிதித்துக்கொண்டான். இனிமேல் இறங்கமாட்டேன் என்கிற மாதிரி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

குலாஸ் ஆப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். நான் கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"ஞானப்பா" என்றாள் ரோசெல்.

அவர் திடுக்கிட்டுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "என்னடா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

"ஞானப்பா, நீங்க அப்பாகூட வண்டியில போங்க. ஓட்டுறவர அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும்."

அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி ஆப்புகளை வாங்கிப் பாசிங்கிடம் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஏறினார். ஏறியதும் ஒலிபெருக்கியைக் காட்டி, "லூமிங், இந்தப் பாட்டு அவனுக்கு ஆகவே ஆகாது" என்றார்.

"எனக்குத் தெரியாதா? மக ஆசப்பட்டுப் போட்டது. வாய மூடிக்கிட்டு வாங்க."

கற்களை எடுத்தோம், வண்டி நகர்ந்தது. மேட்டைத் தாண்டி, உப்பளம் தாண்டி, கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவர் முன்பக்கம் பார்க்கவே இல்லை. இருக்கையில் திரும்பி உட்கார்ந்து பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனார். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன பேசினார் என்று பிறகு டான்டோயிடம் கேட்டேன். "சண்டதான் போட்டாருக்கா. ஆனா திட்டுன மாதிரி இல்ல" என்றான்.

பெட்டியைக் குழியில் இறக்கியபோது சித்தி அழுதாள். சத்தம் போட்டு, மூச்சு வாங்க, யாரையும் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். பாசிங் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். குலாஸ் எதிரே நின்று, எல்லாரையும் போல ஒரு பூவைப் போட்டார். பிறகு இன்னொன்று போட்டார்.

எங்கள் ஊர் வழக்கப்படி சாவுக்குப் போனவர்கள் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது, எங்காவது நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். டான்டோய் எங்களைக் காலி வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு சந்தை முக்கு ரொட்டிக் கடையில் நிறுத்தினான். சூடான பன் வாங்கினோம். பெட்டி இருந்த இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம். குலாஸ் தன் பங்கில் பாதியைப் பிய்த்து டான்டோயிடம் நீட்டினார். கதவு மூலையில் ஒரு கீறல் இருந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாதி பன் கையில் இருக்கும்போதே சித்தி பாசிங்கின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. டான்டோய் கைபேசியை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கிப் போய், வண்டி வர நேரமாகும் என்று முதலாளிக்குத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.