சொட்டு நின்ற காலை

கம்பவுண்டரின் கைக்கு ஊரில் தனி மரியாதை. இருமுகிற எறும்புக்கு மருந்து கேட்டாலும் ஒரு துளி கூடாமல் குறையாமல் அளந்து கொடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா கிடந்தது. அவர் காரில் எஞ்சின் சூடேறாமல் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்து அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

“விட்டுட்டுப் போங்க அத்தான், ஒரு நாள் வேலை. புதுசு போட்டுடலாம்,” என்றான் மெக்கானிக். அவர் மனைவியின் தம்பி.

“அந்த ஒரு நாள்லதான் உன் அக்கா மகளுக்கு வலி எடுக்கும். என் ராசி எனக்குத் தெரியும்டா.”

மகளுக்கு மாதம் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரி முப்பது மைல், பாதி வழியில் ஆள் அரவமே கிடையாது. வண்டி பட்டறையில் கிடக்கும்போது வலி வந்தாலும் வம்பு, நடுவழியில் பம்ப் கைவிட்டாலும் வம்பு. நான்கு நாள் மதில்மேல் பூனையாக இருந்தவர் ஐந்தாம் நாள் தெளிந்தார். அவளுக்கு வலி எடுக்கும்வரை வண்டியை எடுக்கவே கூடாது. பம்புக்குக் கீழே ஒரு கிண்ணம். தினமும் காலையில், குளுக்கோஸ் பாட்டிலுக்கு எண்ணுவதுபோல, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணுவது. நிமிடத்துக்கு இருபதைத் தாண்டினால் உடனே மாற்றுவது, தாண்டாவிட்டால் குழந்தை பிறந்த பிறகு.

“மனுஷங்களைப் படுத்தினது போதாதுன்னு இப்ப பம்புக்கும் வைத்தியமா?” என்றாள் மனைவி.

முதல் நாள் பதினேழு. மறுநாள் பதினான்கு. பிறகு ஒன்பது, நான்கு. வியாழக்கிழமை காலை ஒன்றுமே விழவில்லை. கம்பவுண்டர் போனை எடுத்தார்.

“மச்சான், உன் பொழப்புல மண்ணு. பம்ப் தானா ஆறிடுச்சு.”

“அத்தான், வண்டியைத் தொடாதீங்க. வரேன்.”

அவன் இழுவை வண்டியில் வந்த வேகத்தில், அவனுடைய நிழல் இரண்டு நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டான். குச்சி காய்ந்தே வெளியே வந்தது.

“உள்ள தண்ணி இருந்தாத்தானே அத்தான் சொட்டும்?”

ஒரு குடம் ஊற்றிப் பார்த்தான். பம்பின் ரப்பர் வளையம் இதற்குள் முழுசாக விட்டுப்போயிருந்தது; ஊற்றிய வேகத்திலேயே தண்ணீர் அதன் வழியாக இறங்கிக் கம்பவுண்டரின் செருப்பை நனைத்தது.

“இப்படியே எடுத்திருந்தீங்கன்னா எட்டாவது மைல்ல எஞ்சின் வெந்து நின்னிருக்கும்.”

கம்பவுண்டருக்கு அந்த எட்டாவது மைல் கண்ணெதிரே தெரிந்தது. மரம்கூட இல்லாத இடம். பின் சீட்டில் மகள்.

“அப்பா.” மகள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வலிக்குதுப்பா.”

இழுவை வண்டியில் அவளைப் படுக்கவைக்க இடமில்லை. அதனால் மெக்கானிக் காரையே இழுவைக் கம்பியில் பூட்டினான். பின் சீட்டில் தாயும் மகளும் ஏற, முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கம்பவுண்டர். எஞ்சின் மூச்சே விடாத காரை முப்பது மைல் ஓட்டிய ஒரே ஆள் அவர்தான். வழி நெடுக ஒரு தடவைகூட அவர் கண் சிமிட்டவில்லை என்று மனைவி இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

மகளை உள்ளே கொண்டுபோன கால் மணி நேரத்தில் நர்ஸ் வந்து பேத்தி என்றாள். தாயும் சேயும் நலம்.

மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றான். “இப்ப சொல்லுங்க அத்தான், பம்பை எப்ப மாத்தலாம்?”

கம்பவுண்டர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, மச்சான் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.